அரை விரல் அளவு

"மேக்னட்டோதான் மாட்டணும். இந்த வண்டி பிறந்ததே அதோடதான்—"

"பிறந்ததாவது வளர்ந்ததாவது. அப்புறம் மாமா எதுக்கு அதைக் கழட்டினாரு? முதல்ல அதுக்குப் பதில்—"

"அப்பா பயந்துட்டாரு. கை முறிஞ்ச மனுஷன் பயப்படாம—"

"பயந்தவரு சும்மா பயந்திருப்பாரா? டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கு, பேட்டரி இருக்கு, சாவியத் திருப்பினா ஓடுது. இதுக்கு மேல ஒரு டிராக்டர் என்னதான் செய்யணும் உங்களுக்கு? காபி போட்டுக் குடுக்கணுமா?"

"மீசைக்காரர் ஒத்துக்க மாட்டாரு. ஃபேக்டரிய விட்டு எப்படி வந்துச்சோ அப்படியே—"

"அப்ப அவரே வந்து கைப்பிடிய இழுக்கட்டும். அவர் கை என்ன, வெல்லமா?"

என் மகனும் மருமகளும். டிராக்டருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து நான் ஸ்பார்க் பிளக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். கரி உதிர்ந்து வெள்ளைப் பீங்கான் தெரியும்போது, பாத்திரம் துலக்கிக் கவிழ்த்து முடித்தது போல ஒரு திருப்தி.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்றீர்கள், ஐயா. அந்தச் சண்டையிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. அதில் நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

மேக்னட்டோ, டிஸ்ட்ரிபியூட்டர் என்ற இரண்டு பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குள் சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி விழ வேண்டும்; விழுந்தால்தான் ஓடும். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பேட்டரியிடமிருந்து வருகிற மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பது. பேட்டரி இருப்பதால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வைத்துக்கொள்ளலாம். சாவியைத் திருப்பினால் போதும். மேக்னட்டோவுக்குப் பேட்டரி வேண்டாம். உள்ளே ஒரு காந்தம் சுழலும். தன் பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் முதல் சுற்றை மட்டும் ஒரு மனிதர் வண்டிக்கு முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியைப் போட்டு, இழுத்துத் தர வேண்டும். ஒன்றுக்குப் பேட்டரி துணை, இன்னொன்றுக்கு ஒரு கை. மனிதர்களிலும் இந்த இரண்டு ரகம் உண்டு. நான் பேட்டரி ரகம். தனியாக விட்டால் இரண்டு நாளில் இறங்கிப்போய்விடுவேன்.

மீசைக்காரர் என்று மகன் சொன்னது, பழைய டிராக்டர்களைச் சேர்த்து வைக்கிற ஒரு மனிதரை. பேருந்தில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டிய தூரத்தில் அவருடைய கொட்டகை. உள்ளே நாற்பது வண்டிகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். எங்கள் டிராக்டர் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே, மேக்னட்டோவோடு, கைப்பிடியால் கிளம்பி அவர் முன்னால் வந்து நின்றால் வேலை மகனுக்கு. கொட்டகைக்குப் பக்கத்தில் வீடும் தருகிறார். இரண்டு அறை.

"ரெண்டு ரூம்தாம்மா. அதுலயும் ஒண்ணுல பாதி இடத்தை டயரு அடைச்சிருக்கு. நீ அக்கா வீட்டு மாடியில இரு. நல்ல காத்தோட்டமா இருக்கும்."

அக்கா என்றால் அவனுக்குப் பெரியம்மா மகள். காற்றோட்டமாக இருக்கும் என்று ஓர் இடத்தைச் சொன்னால், அங்கே ஆள் இருக்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

நான் எதற்குப் பயப்படுவேன் என்று கேட்டீர்கள். திருடனுக்கு இல்லை, நோய்க்கு இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு. என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு குளிக்கும்போதுகூட நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. இவர்கள் இருவரும் வேலைக்குப் போனதும், ஃப்ரிட்ஜின் சத்தம் நிற்கிற நேரம் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது மறுபடி உறுமத் தொடங்கும் வரை நின்ற இடத்திலேயே நிற்பேன். மகன் ஆறு மணிக்கு வருகிறவன். ஆறு பத்துக்கு என் உள்ளங்கை நனைந்துவிடும். இதையெல்லாம் அவனிடம் சொன்னால் சிரிப்பான். "உனக்கு என்னம்மா பயம், உன்னப் பாத்துத்தான் ஊரே பயப்படுது" என்பான். விளையாட்டுக்குச் சொல்வது.

சரி, அந்தச் சண்டை. இரண்டு பேரும் கத்தி ஓய்ந்து என் பக்கம் திரும்பினார்கள்.

"அம்மா, நீ சொல்லு. உன்னை விட இந்த வண்டியத் தெரிஞ்சவங்க யாரு?"

"மேக்னட்டோவையே மாட்டு" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

மகன் குதித்தான். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கிற மாதிரி மனிதர்களையும் பார்ப்பாள்.

சாயங்காலம் சமையலறைக்கு வந்தாள். வந்தவள் உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, மாமா போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"'அவ டைமிங் வெச்சா அவளையே இழுக்கச் சொல்லு'ன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. எனக்கு அப்ப ஒண்ணும் விளங்கல."

"காய்ச்சல் வேகத்துல பேசினதுக்கெல்லாம் அர்த்தம் தேடினா பைத்தியம்தான் பிடிக்கும். போய் முகம் கழுவிட்டு வா, தோசைக்கல்லு காயுது."

அவள் போகவில்லை. "அவருக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்ல, அத்தை. நான்தானே பாத்தேன்" என்றாள்.

அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்குகிறேன். எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்காரர் ஏற்படுத்தியது. டைமிங் வைப்பது, அதாவது பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்று பொருத்துவது, ஒருவர் வேலை. கைப்பிடியை இழுப்பது இன்னொருவர் வேலை. வைத்தவர் இழுக்கக் கூடாது. "அடுத்தவன் எலும்பு நம்ம கையில இருந்தாத்தான் போல்ட்ட ரெண்டு தடவ பாப்போம்" என்பார். நல்ல வழக்கம். அதனால்தான் எங்கள் கொட்டகையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அவருக்கு விழுந்தது ஒன்றுதான்.

அது முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால். மகனுக்கு ஆறு வயது. வீட்டுக்காரருக்குக் கப்பலில் எஞ்சின் வேலை வந்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் காலையில் இந்த டிராக்டரைக் கிளப்பப் போனார். கைப்பிடி திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு சரியாகக் கூடவில்லை. கப்பல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பின் வந்ததுதான் எங்கள் நல்ல காலம். அவரால் ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க முடியாது. அவர் சொல்லுவார், நான் செய்வேன். அதுவரை டைமிங் வைக்க மட்டும்தான் தெரியும்; கார்புரேட்டர் கழற்ற, வால்வு தேய்க்க, எல்லாம் அப்படித்தான் கற்றேன். சட்டைப் பொத்தான் போடுவது, தலை சீவிவிடுவது, முகம் மழித்துவிடுவது எல்லாம் நான். வலது கை என்று பேச்சுக்குச் சொல்வார்கள். நான் நிஜமாகவே இருந்தேன். தெருவில் எங்களைப் பார்த்துத் தங்கள் மனைவிகளிடம் குத்திக்காட்டாத ஆண் கிடையாது.

அவருக்கும் என்மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் சுவரைப் பார்த்துப் படுக்கிற மனிதர். கை முறிந்த பிறகு ஒருநாள்கூட எனக்கு முதுகு காட்டிப் படுத்ததில்லை. என் முகத்தைப் பார்த்தபடியேதான் தூங்குவார். நான் கண் விழித்தால் அவரும் விழித்திருப்பார். பால் ஆற்றிக் கொடுத்தால், "நீ ஒரு வாய் குடி முதல்ல" என்பார். நான் குடித்து, சற்று நேரம் ஆன பிறகுதான் வாங்குவார். முப்பது வருடம் அப்படி. எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்கள்.

அந்த வருடமே மேக்னட்டோவைக் கழற்றிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரும் ஸ்டார்ட்டரும் பொருத்தினார். இடது கையாலேயே, யாரையும் கிட்டே விடாமல், ஏழு நாள். என்னைக்கூடக் கூப்பிடவில்லை. கழற்றிய மேக்னட்டோவைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பரணில் ஏற்றினார். சாவி அவர் அரைஞாணில் கிடந்தது. அவருக்கு மேக்னட்டோ என்றால் அவ்வளவு பயம். அவர் போன பிறகு அந்தச் சாவி என்னிடம் வந்தது. மகன் கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன்.

மேக்னட்டோவை மகன் ஒரு வாரம் சீர்செய்தான். காந்தம் உயிரோடு இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியில் ஏற்றினோம். அதுவரை மருமகள் வாதாடுவதை விடவில்லை.

"நீங்களே டைமிங் வெச்சு நீங்களே இழுங்க. இல்ல, அத்தை வெச்சா அத்தையே இழுக்கட்டும்."

"எழுபது வயசு அம்மா கைப்பிடி இழுக்கணுமா? உனக்கு மூளை இருக்கா?"

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "வண்டிக்கு" என்றாள்.

டைமிங் நான்தான் வைத்தேன். அந்த வீட்டில் அதைச் சரியாக வைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, மேக்னட்டோவின் உள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வருகிற இடத்தில் நிறுத்தி, இரண்டு போல்ட்டையும் இறுக்கினேன். அந்தச் சத்தம் வந்தால் பொறி சற்றுத் தாமதமாக, பிஸ்டன் உச்சியைத் தாண்டியபின் விழும் என்று பொருள். இழுக்கிறவர் கைக்குப் பாதுகாப்பு. மகன் டார்ச் அடித்துப் பார்த்தான். "அம்மா கை, அம்மா கைதான்" என்று போல்ட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தான். கோமாளி.

சனிக்கிழமை நான் வைத்தது மிகச் சரியான டைமிங். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையில் எனக்குப் பிழை வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் குளிக்கப் போனான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் கொட்டகைக்குப் போய் அந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, மேக்னட்டோவைத் திருப்பி, மறுபடி இறுக்கினேன். மேக்னட்டோவைத் தாங்கும் தகட்டில் போல்ட் போகிற ஓட்டை நீளவாக்கில் வளைந்திருக்கும், கொஞ்சம் இப்படி அப்படித் திருப்பிக்கொள்வதற்காக. அது சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முன்கூட்டியே விழும். பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் வெடிக்கும். ஏறியது பாதியில் கீழே தள்ளப்படும். எஞ்சின் பின்னோக்கிச் சுழலும். கைப்பிடியும் சுழலும், அதைப் பிடித்திருக்கிற கையோடு.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் முன்னால் ஒரு விரல் அகலம் திருப்பியிருந்தேன். அது அதிகம், பாவம், அந்த மணிக்கட்டு கடைசிவரை கூடவில்லை. அதனால் இந்தத் தடவை அரை விரல்தான். பெற்ற பிள்ளை அல்லவா.

நீங்கள் பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? எடுத்துக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

பத்து மணிக்கு மகன் வண்டிக்கு முன்னால் நின்றான். நான் மேலே இருக்கையில், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு. மருமகள் கதவோரம் நின்று போனில் படம் எடுத்தாள், மீசைக்காரருக்கு அனுப்ப. அவள் கை நடுங்கியதால் அந்தப் படமும் நடுங்கிக்கொண்டே இருக்கும், நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

"கட்டைவிரல உள்ள மடக்காத கண்ணு, மத்த விரலோட சேத்து வை" என்றேன். கட்டைவிரல் போய்விட்டால் ஆயுசுக்கும் கஷ்டம். அதை மட்டும் காப்பாற்ற நினைத்தேன்.

"தெரியும்மா. நான் என்ன புதுசா?"

"சும்மா ஒரு தடவ சொன்னேன். ம், இழு."

முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் இருமியது. மூன்றாவதற்கு அவன் காலை அகட்டி நின்று மொத்த பலத்தையும் கொடுத்தான். பட்டென்று ஒரே ஒரு வெடி. கைப்பிடி திரும்பியது. முன்கை முறிந்தது. அதோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். கைப்பிடி கழன்று பறந்து தாடையில் அடித்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு நான் வருந்துகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கத்தவில்லை. உட்கார்ந்து, தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தான். நான் இறங்கிப்போய், கையைக் கழுத்தோடு தாங்கும்படி தூளி கட்டினேன். "நான் இருக்கேன்டா கண்ணு. நான் பாத்துக்கறேன். அம்மா இருக்கேன்" என்றேன். என் நெஞ்சில் பல மாதமாக இருந்த படபடப்பு அந்த நிமிடம் நின்றுபோயிருந்தது. அதை மட்டும் என்னால் மறைக்க முடியாது.

மருத்துவமனையில் பதினோரு நாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் கஞ்சியை உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். நான் வடிகட்டிக் கொண்டுபோவேன். கழுத்துக்குக் கீழே துண்டு விரித்து, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் வாய் துடைத்து. முகம் மழித்துவிட்டேன். தலை சீவினேன். அவனுக்கு ஐந்து வயதாகிவிட்டது போல இருந்தது எனக்கு. நல்ல பதினோரு நாள். வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊரைவிட்டுப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்று மருமகள் தனியாகக் கொட்டகைக்குள் போனாள். அரை மணி நேரம் வரவில்லை. வந்தவள் சமையலறை வாசலில், அதே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை. நான் எதுக்கெல்லாம் அடையாளம் போடுவேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். அவள் தொழில் புத்தி அது. ரத்தக் குழாய்க்கு அடையாளம் போடுகிற வெள்ளைப் பேனாவால் வீட்டில் எல்லாவற்றிலும் ஒரு கோடு போடுவாள். ஊறுகாய்ப் புட்டி, மாத்திரை அட்டை, என் கண்ணாடிக் கூடு. என் மகன்கூட, "தூங்கும்போது என் நெத்தியிலயும் போட்டுடுவா" என்று கேலி செய்வான்.

"சனிக்கிழமை நீங்க போல்ட்ட இறுக்கினதும் அடிப்பக்கம் ஒரு கோடு போட்டேன். மேக்னட்டோ மேல பாதி, எஞ்சின் மேல பாதி. எனக்கே ஏன்னு தெரியாது, கை தானாப் போட்டுச்சு. இப்பப் போய்ப் பாத்தேன். அந்தப் பாதி ஒரு இடத்துல இருக்கு, இந்தப் பாதி ஒரு இடத்துல இருக்கு."

"வெடிச்ச வேகத்துல நகர்ந்திருக்கும்."

"போல்ட்டு ரெண்டும் இறுக்கமா இருக்கு, அத்தை."

நான் அடுப்பைக் குறைத்தேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அவள் போனை நீட்டினாள். அந்த நடுங்குகிற படம். "இதுல பாருங்க. அவர் இன்னும் கைப்பிடியத் தொடவே இல்ல. உங்க மடியில என்ன இருக்கு?"

வெள்ளைத் துணி. பழைய வேட்டியைத் தூளிக்கு ஏற்ற அகலத்தில் கிழித்து, துவைத்து, மடித்து மடியில் வைத்திருந்தேன். அழுக்குத் துணியில் கையைத் தூக்கிக் கட்டுவதா? ஒரு தாய் முன்யோசனையோடு இருந்ததை அவள் குற்றம் போலக் கேட்டாள்.

"எதுக்கு அத்தை அந்தத் துணி?"

பாலை ஆற்றினேன். அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. பின்னோக்கி நகர்ந்தாள். கூடத்தின் முழு நீளத்தையும் எனக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் தச்சர் வந்து அந்தக் கதவின் உட்புறம் ஒரு புதுத் தாழ்ப்பாள் வைத்தார். "திருட்டுப் பயமா?" என்று என்னிடம் கேட்டார். "ஆமா, காலம் அப்படி இருக்கு" என்றேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அதிலிருந்து மகன் வெளியே வருவதில்லை. நான் போகும் சத்தம் கேட்டால் தாழ்ப்பாள் விழும். அவன் போடுகிறானா அவள் போடுகிறாளா என்று சத்தத்திலேயே தெரியும். இடது கையால் போட்டால் இரண்டு தடவை வழுக்கி மூன்றாவது தடவைதான் விழும். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பால் கொண்டுபோய்க் கதவடியில் நின்றேன்.

"கண்ணு, பால்."

தாடைக் கம்பியோடு பேசுவதால் சொல் நசுங்கி வந்தது. "நீ ஒரு வாய் குடிச்சுட்டு வெச்சுட்டுப் போ."

ஐயா, என் கண் நிறைந்துவிட்டது. அப்படியே அப்பா. அதே சொல். யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவனுக்கு? ரத்தம் பேசும் என்பது இதுதான் போலிருக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தேன். சாயங்காலம் வரை அது அங்கேயே ஆடை படிந்து இருந்தது. அவனுக்குப் பசி இல்லை போலிருக்கிறது.

நேற்றுக் காலை மருமகள் போனில் பேசுவது கேட்டது. மீசைக்காரரோடு. வண்டி வேண்டாம், ஆள் வந்தால் போதும் என்கிறார் அந்த மனிதர். ஒரு கை இருந்தாலும் நாற்பது வண்டியை மேற்பார்வை பார்க்கலாமாம். வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. எந்த ஊர் என்று என் அக்கா மகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். வீட்டிலேயே இரு என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. போய்வருகிறோம் என்றும் சொல்லவில்லை.

நான் கதவைத் தட்டவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து யோசித்தேன். ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்தச் சத்தமும் நானும்தான். பிறகு ஒரு யோசனை வந்தது.

இன்று காலை குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு நானே நடந்து உங்களிடம் வந்தேன். யாரும் புகார் கொடுக்கவில்லை. அவர்கள் கொடுக்கவும் மாட்டார்கள். என்னைவிட்டுப் போனால் போதும் என்றிருக்கிறார்கள். அதனால் நானே சொல்கிறேன், தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் கையையும் என் மகன் கையையும் உடைத்தது நான். தெரிந்து, நிதானமாக, இரண்டு தடவையும் மேக்னட்டோவைத் திருப்பி வைத்துச் செய்தேன். யாரும் தூண்டவில்லை. கோபம் இல்லை. இரண்டு பேர் மேலும் எனக்கு உயிர்.

தண்டனை எத்தனை வருடம் என்று நான் கேட்கப்போவதில்லை. இங்கேயும் பரவாயில்லை. நடைவழியில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் படபடப்பே இல்லை. வழக்கு நடந்தால் முதல் சாட்சி அவன்தானே? கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும். கூண்டில் நின்று, இவங்கதான் எங்க அம்மா என்று என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் நான்கைந்து வருடம் போகும் என்கிறார்களே.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று.

"ஐயா, கேஸு முடியிற வரைக்கும் அவன் இந்த ஊர விட்டுப் போகக் கூடாதுன்னு, அந்தப் பேப்பர்ல மொதல் வரியிலயே எழுதிடுவீங்கல்ல?"